இறப்பு விகிதத்தை நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இறப்பவர்கள் எண்ணிக்கை 12-ஐத் தாண்டிவிட்டது. கத்தாரிலோ அது 2-ஐக்கூடத் தொடுவதில்லை. இதை வைத்துக் கத்தாரின் மருத்துவமே சிறந்தது என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. ஜப்பானியரின் சராசரி ஆயுள் சுமார் 84 ஆண்டுகள். அங்கே நூற்றுக்கு 29 பேர் 65 வயதை எட்டியவர்கள். முதியோர் மிகுந்த நாட்டில் இறப்பும் மிகுதியாகத்தான் இருக்கும்.

ஆகவே, ஒவ்வொரு வயதுப் பிரிவின் இறப்பு விகிதத்தையும் தனித்தனியே எடுத்து, இரு நாடுகளுக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட ஒரே வயதுப் பங்கீட்டில் பொருத்திக் கணக்கிட வேண்டும். இந்த வயதுச் சீரமைப்பைச் செய்யாவிட்டால் முடிவு தலைகீழாகவே மாறக்கூடும். கொரோனா உறுதியானவர்களில் இறந்தோர் 2020 பிப்ரவரிக் கணக்கின்படி சீனாவில் 2.3 சதவீதம், மார்ச் தொடக்கக் கணக்கின்படி இத்தாலியில் 4.3 சதவீதம். ஆனால் வயதுவாரியாகப் பிரித்தபோது எந்தப் பிரிவிலும் இத்தாலியின் விகிதம் சீனாவை விஞ்சவில்லை. இத்தாலியில் தொற்று உறுதியானவர்களில் முதியோர் பங்கு பெரிது என்பதே மொத்தக் கணக்கை அப்படி உயர்த்தியது.

வயதைச் சரிசெய்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவது அடுத்த தவறு; நன்கு படித்தவர்களும் இதில்தான் சறுக்குகிறார்கள். கத்தாரில் வாழ்வோரில் பெரும்பாலோர் வேலைக்கு வந்த வெளிநாட்டினர். நம் ஊர்க்காரர்களும் அவர்களில் உண்டு. உடற்பரிசோதனையில் தேறியவர்களே அங்கே வேலைக்குப் போக முடிகிறது; முதுமையோ தீராத நோயோ வந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுகிறார்கள், அவர்களுடைய மரணமும் சொந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறுகிறது. எனவே அங்குள்ள நாற்பது வயதுக்காரரை வேறொரு நாட்டின் நாற்பது வயதுக்காரரோடு அப்படியே ஒப்பிட முடியாது.

எந்த இறப்பை எந்த நோயின் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2020-இல் பெல்ஜியம், முதியோர் இல்லங்களில் பரிசோதனை செய்யப்படாமல் சந்தேகத்தின் பேரில் குறிக்கப்பட்ட மரணங்களையும் கொரோனாக் கணக்கில் சேர்த்தது. அப்படிச் சேர்க்காத நாடுகளின் அருகில் வைத்தபோது அதன் எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: கிடைக்கும் காரணிகளையெல்லாம் சரிசெய்துவிடுவது. சுகாதார அமைப்பு எவ்வளவு உயிர்களைக் காக்கிறது என்பதே கேள்வியாக இருக்கும்போது, மருத்துவர் எண்ணிக்கையையும் படுக்கை வசதியையும் சமமாக்கிவிட்டு ஒப்பிட்டால், அளக்க வந்த வேறுபாட்டையே கணக்கிலிருந்து அழித்துவிடுகிறோம்.