விஷ்ணுகிரந்தி பதற்றத்தைத் தணிக்கிறதா: சோதித்துப் பார்க்கும் முறை

மழைக்காலம் முடிந்தபின் உச்சிப்புளி, சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டு மணலில் தரையோடு படர்ந்து நீலப் பூ விடும் விஷ்ணுகிரந்தியை ஆராய விரும்பும் மருந்தியல் மாணவர், முதலில் தாம் பறித்தது அந்தச் செடிதானா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். சங்கபுஷ்பி என்ற பெயர் இதற்கும், காக்கணங்கொடிக்கும், வேறு சில செடிகளுக்கும் வழங்குவதால், வேரும் பூவும் உள்ள முழுச் செடி ஒன்றை அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளரிடம் அடையாளச் சான்று பெறுவது நல்லது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளில் பறிக்கக் கூடாது.

கடற்காற்று படிந்த உப்பும் மணலும் எடையைக் கூட்டிக் காட்டும் என்பதால், செடியை நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்திப் பொடித்த பின்னரே எத்தனால் சாறு எடுக்க வேண்டும். சோதனை சுண்டெலிகளில் நடப்பதால், விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், நச்சுத்தன்மைச் சோதனையும் முடியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

சோதனைக் கருவி, தரையிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தில் நிற்கும் கூட்டல் குறி வடிவப் பாதை. அதன் இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டு திறந்தவை. சாறு கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, சுண்டெலியை நடுவில் விட்டு, 5 நிமிடங்களில் அது திறந்த கைகளில் எத்தனை முறை நுழைந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று குறிக்க வேண்டும். அச்சம் குறைந்த எலி திறந்த வெளியில் கூடுதல் நேரம் உலவும். ஒரே எலியை மறுமுறை ஏற்றினால் பாதை அதற்குப் பழகிவிடும். பதற்றம் தணிக்கும் மருந்தான டயஸெபாம் கூட அப்போது பயன் காட்டாமல் போவதுண்டு.

பலர் சறுக்குவது இங்கேதான்: அமைதி வேறு, மயக்கம் வேறு. மொத்த நடமாட்டமே குறைந்திருந்தால் சாறு எலியைத் தூங்கவைத்திருக்கலாம் என்பதால், திறந்தவெளிப் பெட்டியில் அதன் நடமாட்டத்தைத் தனியே அளக்க வேண்டும். எந்த எலிக்கு எது கொடுக்கப்பட்டது என்பது குறிப்பவருக்குத் தெரியக் கூடாது.

சாறு கலக்காத வெறும் கரைப்பான் பெற்ற குழுவோடும், டயஸெபாம் பெற்ற குழுவோடும் ஒப்பிட்ட பின்னரே சாற்றின் எண்களைப் படிக்க வேண்டும். டயஸெபாம் குழுவே திறந்த கைகளுக்கு வரவில்லையென்றால், விளக்கொளியிலோ கையாளும் விதத்திலோ கோளாறு இருக்கலாம்; அன்றைய அளவீடுகள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டுப் புதிய எலிகளோடு மீண்டும் தொடங்க வேண்டும்.