அளவைப் படிக்கும்போது கண் எங்கே இருக்க வேண்டும்?

அளத்தல் என்பது ஒரு பொருளின் நீளத்தையோ நிறையையோ எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஓர் அலகுடன் ஒப்பிட்டு எண்ணால் சொல்வதாகும். ஆகவே அளவைக் குறித்துவைக்கும்போது அலகையும் சேர்த்தே எழுதுங்கள். நாசா செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் ஒன்று, ஒரு தரப்பு பவுண்டு அலகிலும் மறு தரப்பு நியூட்டன் அலகிலும் விசையைக் கணக்கிட்டதாலேயே 1999-இல் அழிந்தது.

அளவுகோலின் முனை தேய்ந்திருந்தால் 1 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து, கிடைத்த அளவில் 1 செ.மீ. கழித்துக்கொள்ளலாம். திரவத்தை அளப்பதற்குத்தான் கூடுதல் கவனம் தேவை. கண்ணாடி அளவுக் குவளையில் நீரின் மேற்பரப்பு ஓரங்களில் சற்றே ஏறி நடுவில் குழிந்திருக்கும் என்பதால், குவளையைச் சமதளத்தில் வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகத் தாழ்த்தி, குழிவின் அடிப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதையே படிக்க வேண்டும். நம் பக்கமாகக் கோடுகள் உள்ள குவளையை மேலிருந்து பார்த்தால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும்.

குழந்தைகளுக்குத் திரவ மருந்து கொடுக்கும்போது இதைத் தயவுசெய்து கடைப்பிடியுங்கள். வீட்டுக் கரண்டிகள் ஒரே கொள்ளளவு உடையவை அல்ல என்பதால், மருந்துடன் வரும் மில்லிலிட்டர் குறியிட்ட மூடியையோ சிரிஞ்சையோ மட்டுமே பயன்படுத்துங்கள்.