டிசம்பர் பூவை நடும் முறை: முதல் வருடத் தண்ணீர்தான் முக்கியம்

டிசம்பர் பூச்செடி வறட்சியைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் நட்ட அன்றே தாங்காது. வேர் ஒரு முழமாவது கீழே இறங்கிய பிறகுதான் அந்தத் தெம்பு வரும். முதல் வருடம் தண்ணீரை எப்படி விடுகிறோம் என்பதைப் பொறுத்தே செடியின் ஆயுள் அமையும்.

கோவை, ஓசூர் போல மிதமான வெயில் உள்ள ஊர்களில் ஆடியில் நட்டுவிடுவது நல்லது. ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். பங்குனி, சித்திரையில் நட்டால் பாதிக்குப் பாதி காய்ந்துபோகும்.

முற்றாத, அதே சமயம் பச்சைத் தளிராகவும் இல்லாத கிளையில் அரை அடி நீளக் குச்சி வெட்டுங்கள். அடியிலுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி, மணல் கலந்த மண் நிரப்பிய பையில் ஊன்றி நிழலில் வையுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் வேர் விடும்.

ஒரு அடிக்கு ஒரு அடி குழி எடுத்து, நிறைய தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நாலு மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் அந்த இடத்தில் குழியில் நடக்கூடாது. முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு நடுங்கள். கரிசல் மண்ணில் இது கட்டாயம். இந்தச் செடி வெயிலில் சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் அதிகம். குழிக்கு இரண்டு கைப்பிடி மக்கிய சாணம் போதும். எரு கூடினால் இலை தழைக்கும், பூ குறையும். செடிக்குச் செடி இரண்டரை அடி விடுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு லிட்டர். அடுத்த இரண்டு மாதம் வாரம் ஒருமுறை நாலைந்து லிட்டர், மண்ணுக்குள் மெதுவாக இறங்கும்படி. அதன்பின் மழை இல்லாவிட்டால் மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. தினமும் கொஞ்சம் தெளிப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. மேல்மண்ணிலேயே ஈரம் கிடைத்தால் வேர் கீழே இறங்காது. கோடையில் அந்தச் செடிதான் முதலில் வாடும். மதியம் இலை தொங்கினால் பதறவேண்டாம். மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் அது தாகம்.

தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டு, இரண்டு அங்குலக் கனத்துக்குச் சருகு மூடாக்கு போடுங்கள். தண்டோடு ஒட்டிப் போட்டால் அடி அழுகும்.

செடி ஒரு அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை பெருகும். புரட்டாசிக்குப் பிறகு கிள்ளினால் வரவேண்டிய மொட்டு போய்விடும். பூ ஓய்ந்ததும் மாசியில் மூன்றில் ஒரு பங்கு உயரம் விட்டு மீதியைக் கவாத்து செய்யுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் அடி மொட்டையாகி, உச்சியில் மட்டும் நாலு பூ நிற்கும்.

தளிரில் மாவுப்பூச்சி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். அடங்காவிட்டால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள்.

காய் முற்றிக் காய்ந்தால் வெடித்து விதை தெறிக்கும். கீழே கன்றுகள் முளைக்கும். ஆனால் ஊதாவில் வெள்ளைக் கோடு போட்ட ரகம் வேண்டுமென்றால் அந்தக் கன்றுகளை நம்பவேண்டாம், தாய்ச்செடியின் குச்சியையே ஊன்றுங்கள்.