பூவில் வந்து உட்காரும் பெரிய குளவியை அடையாளம் காண்பது எப்படி?

கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் சாலையோர உண்ணிச்செடியில் இரண்டு விரற்கடை நீளத்தில் கறுத்த குளவி ஒன்று வந்து உட்கார்ந்தாலே, "கதண்டு!" என்று துணியை எடுத்து அடிக்கிறார்கள். அடிபடுவது பெரும்பாலும் தோட்டத்துக்கு நல்லது செய்யும் பூச்சி. அடிப்பதற்கு முன் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

முதலில் படம். காலைக் குளிர் விலகி வெயில் விழும் நேரத்தில் போங்கள். உடம்பு சூடேறாத பூச்சி மெதுவாகத்தான் நகரும். எட்ட நின்று கைபேசியில் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் தெரிய ஒன்று எடுங்கள்.

அடுத்து, அது குளவிதானா? ஒரே ஜோடி இறகு, குட்டையான உணர்கொம்பு, முகம் நிறைந்த கண் என்றால் குளவி வேடமிட்ட ஈ. கொட்டாது. இடுப்பே தெரியாத உருண்டை உடம்பும் நீலம் மின்னும் இறகும் இருந்தால் மரம் துளைக்கும் கருவண்டு.

குளவிதான் என்றால் அது உட்கார்ந்திருக்கும்போது இறகைப் பாருங்கள். நிறத்தை விட இதைத்தான் நான் நம்புவேன். இறகு நீளவாக்கில் மடிந்து ஒடுங்கியிருந்து, வயிற்றின் முன்பகுதியில் அகலமான மஞ்சள் பட்டையும் இருந்தால் கதண்டு. பூவில் தனியாக இருப்பது நம்மைத் துரத்தாது. பக்கத்தில் கூடு இருந்தால் மட்டும் சத்தமில்லாமல் விலகிவிடுங்கள்.

இறகு மடியாமல் நுனியில் நுண்ணிய சுருக்கங்களோடு இருக்கிறதா? உடம்பெல்லாம் மயிர், கால்கள் தடித்து முள்ளோடு இருக்கின்றனவா? சரி, அது ஸ்கோலியா குடும்பம். இதன் பெண் மண்ணைத் தோண்டி, வேரைத் தின்னும் வண்டுப்புழுவைக் கொட்டிச் செயலிழக்க வைத்து, அதன்மேல் முட்டையிடும். பொரித்து வரும் குளவிப்புழு அதையே தின்று வளரும். நீலகிரியில் உருளைக்கிழங்கு போடுபவர்களுக்கு வேர்ப்புழு செய்யும் சேதம் தெரியும். அதே கூட்டத்துப் புழுக்கள்தான் இதற்கு இரை. புல்தரைமேல் தாழ்வாகச் சுற்றிச் சுற்றிப் பறந்தால் பயப்படாதீர்கள், புழுவையோ துணையையோ தேடுகிறது. ஆண் ஒல்லியாக, நீண்ட உணர்கொம்போடு இருக்கும். அதன் வால்நுனியில் தெரியும் மூன்று முள் கொடுக்கு அல்ல. ஆண் குளவிக்குக் கொடுக்கே கிடையாது.

நீண்ட கால்களோடு, இறகை வெடுக்வெடுக்கென்று அசைத்தபடி தரையில் ஓடுவது சிலந்தியை வேட்டையாடும் குளவி.

அப்புறம் படங்களை இடம், தேதியோடு ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) என்ற, உயிரினங்களைப் பதிவு செய்து அடையாளம் கேட்கும் இணையதளத்தில் ஏற்றுங்கள். ஆரம்பத்தில் குடும்பப் பெயர் வரை போட்டால் போதும். இறகு நரம்புகள் தெளிவாகத் தெரிந்தால் மேற்கொண்டு இனம் சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.