இரண்டு வெளிர் கிரேயில் எது? தேர்வில் நடக்கும் தவறுகள்

பெயின்ட் ஷேடு கார்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வெளிர் கிரே, கடை டியூப்லைட்டில் ஒன்றுபோலவே தெரியும். சுவரில் ஏறியதும் ஒன்று நீலமடிக்கும், மற்றது பச்சையடிக்கும். வெள்ளை பேஸில் கறுப்போடு கொஞ்சம் நீலமோ மஞ்சளோ சேர்த்துத்தான் டின்ட்டிங் மிஷின் கிரே கலக்குகிறது. அந்தக் கலப்பைப் பிடிக்க, பகலில் ஜன்னலோரம் இரண்டு கார்டையும் வெள்ளை ஏ4 தாள்மேல் வைத்துப் பாருங்கள். எல்ஆர்வி எண் 65, 67 என்று இருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பும் என்பதை மட்டும்தான் சொல்லும்.

பழைய சுவர்மேலேயே சாம்பிள் அடிப்பது பெரிய தவறு. சுற்றிலும் ரோஸ் இருந்தால் கிரே பச்சையாகவும், சந்தன நிறம் இருந்தால் நீலமாகவும் தெரியும். இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் வெள்ளை பிரைமர் அடித்து, அதன்மேல் 2 கோட் அடியுங்கள். நடுவில் 4 மணி நேரமாவது காயவிடுங்கள். ஈரத்தில் பார்த்துப் பிடித்துப்போய் ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள், எமல்ஷன் காய்ந்தால் பெரும்பாலும் ஒரு படி அடர்ந்துவிடும். ஒன்று மேட் (மினுக்கமில்லாதது), மற்றது ஷீன் (லேசாக மினுங்குவது) என்று இருந்தால் ஒப்பிட்டே பயனில்லை.

அட்டையைத் தரையோடு ஒட்டி நிறுத்துங்கள். நம் ஊர்ப்பக்கம் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி வீடுகளில் கிரானைட் தரை சகஜம். ஊதாவும் ரோஸும் ஓடும் பாரடைசோ கல் போட்ட ஹாலில், பச்சை கலந்த கிரே இன்னும் பச்சையாகத் தெரியும். வெயில் தரையில் விழும் நேரத்தில் கல்லின் நிறம் சுவரின் அடிப்பகுதியிலும் ஏறும். அங்கே ஊதா அல்லது பழுப்புச் சாயல் உள்ளதுதான் ஒத்துப்போகும். கறுப்புக் கல்லென்றால் இந்தத் தொல்லை இல்லை.

வடக்கு ஜன்னல் அறையில் கிரே குளிர்ந்து நீலமாகும், மேற்கில் சாயங்காலம் மஞ்சளடிக்கும். ராத்திரி வெள்ளை வெளிச்சம் தரும் 6500 கெல்வின் பல்பு ஒரு நிறம் காட்டும், மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் பல்பு இன்னொன்று காட்டும். அறையில் எந்த பல்பு நிரந்தரமோ அதைப் போட்டே பாருங்கள்.

ஒரு கம்பெனியின் ஷேடு நம்பரை இன்னொரு கம்பெனி மிஷினில் அடிக்கச் சொன்னால் கிட்டத்தட்டத்தான் வரும். வெளிர் கிரேயில் அந்தக் குறை பளிச்சென்று தெரியும். தேவையான லிட்டர் மொத்தத்தையும் ஒரே தடவையில் கலக்கி வாங்குங்கள். டப்பா இரண்டு மூன்று இருந்தால், அடிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கச் சொல்லுங்கள்.