‘அசந்து போயிட்டேன்’ எங்கிருந்து வந்தது? வேரைத் தேடும் வழி

ஒரு சொல்லின் வேரைத் தேடும்போது எடுத்தவுடன் அகராதியைத் திறக்காதீர்கள். அது உங்கள் வீட்டிலும் தெருவிலும் எப்படியெல்லாம் புழங்குகிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ‘அசந்து போயிட்டேன்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். வியப்பில் வாயடைத்துப் போனால் சொல்வது. ஆனால் அதே வாய்தான் ‘அசந்து தூங்கிட்டான்’ என்கிறது, ‘கொஞ்சம் அசந்தா ஏமாத்திடுவான்’ என்று எச்சரிக்கிறது, ‘எதுக்கும் அசர மாட்டான்’ என்று மெச்சுகிறது, நன்றாகப் பாடிய பிள்ளையிடம் ‘அசத்திட்டே’ என்கிறது. தூக்கமும் கவனக்குறைவும் வியப்பும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன என்றால் அங்கே தோண்ட வேண்டும்.

அடுத்து, பேச்சு வடிவத்தை எழுத்து வடிவத்துக்குத் திருப்புங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உட்கார்ந்து என்பது உக்காந்து ஆகிறது, சேர்ந்து என்பது சேந்து ஆகிறது. அப்படியென்றால் அசந்து என்பதிலும் ஒரு ‘ர்’ விழுந்திருக்கலாம். ‘அசர மாட்டான்’ என்பதில் அந்த ரகரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள். அப்புறம் அந்தச் சகரம். உயிர் உசிராகிறது, உயரம் உசரமாகிறது, முயல் முசலாகிறது. அதே வழியில் திரும்பிப் போனால் கிடைப்பது ‘அயர்ந்து’. சேர்த்து சேத்து ஆவது போல, அயர்த்து என்பதுதான் அசத்து ஆகியிருக்கிறது.

சரி, இப்போது அகராதி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனை சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ‘அயர்ந்து’ என்று தேடாமல் பகுதியை மட்டும், அதாவது ‘அயர்’ என்று தேடுங்கள். சோர்தல், உணர்வழிதல், மறத்தல் என்ற பொருள்களோடு விளையாடுதல், செய்தல் என்பவையும் வரும். வெறியயர்தல் (முருகனுக்காக ஆடும் வெறியாட்டு), விருந்தயர்தல் (விருந்து செய்தல்) என்று சங்கப் பாடல்களில் வருவது இந்த ‘செய்தல்’ கிளை. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பழைய பாட்டு ஒன்றில் சரிபார்த்தால் நம்பிக்கை வரும். திருவாய்மொழியின் முதல் பாசுரத்திலேயே ‘அயர்வறும் அமரர்கள்’ என்கிறார் நம்மாழ்வார். உரைகாரர்கள் அந்த அயர்வுக்கு மறதி என்று பொருள் சொல்கிறார்கள். தூங்குகிறவனும் ஏமாறுகிறவனும் வியந்து நிற்கிறவனும் ஒரு கணம் தன்னை மறந்தவர்கள்தானே!

இதே பொருளுள்ள வேறு சொற்களும் இந்தப் பாதையில்தான் வந்தனவா என்றும் பாருங்கள். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளில், வியப்பை ‘மருட்கை’ என்கிறது; மருள் என்றால் மயக்கம். வடமொழியிலிருந்து வந்த பிரமிப்பின் அடியிலும் சுழற்சியும் மயக்கமும்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மலையைப் பார்த்து நின்றதால் மலைப்பு என்று யாராவது சொன்னால் கேட்க அழகாக இருக்கும், ஆனால் மலைதல் என்ற வினைக்குப் பழந்தமிழில் போரிடுதல், பூச்சூடுதல் என்ற பொருள்கள் உண்டு. ‘மலைந்த பூ’ என்று தொல்காப்பியத்திலேயே வருகிறது. ஒலி ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து முடிச்சுப் போடாதீர்கள்.

அடுத்து ‘திகைப்பு’ எடுத்துப் பாருங்கள். பேரம் படியாதபோது ‘விலை திகையலை’ என்று சொல்வதுண்டு. அதையும் தாளில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.