பழைய கியூபிக் ஆட்டத்தில் பலரும் செய்யும் தவறுகள்

பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் 1964-இல் கொண்டுவந்த கியூபிக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு தட்டுகள், தட்டுக்கு 16 கட்டம், மொத்தம் 64. நான்கு காய்களை ஒரே நேர்கோட்டில் சேர்த்தவர் ஜெயித்தார், விதி அவ்வளவுதான். இதனாலேயே பலர் எக்ஸ்-ஓ மாதிரி நினைத்து உட்கார்ந்து, எங்கே தோற்றோம் என்றே புரியாமல் எழுந்துபோகிறார்கள்.

பெரிய தவறு, காய் வைக்கும் தட்டை மட்டும் பார்ப்பது. ஜெயிக்கும் கோடுகள் 76, அதில் ஒரே தட்டுக்குள் கிடப்பவை 40, மீதி 36 தட்டு தாண்டி ஏறுபவை. கண்ணால் தேடினால் இவை தப்பிவிடும், அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தட்டு, வரிசை, நிரல் என்று மூன்று இலக்கம் கொடுத்துப் பாருங்கள். 114, 223, 332, 441 ஒரு கோடு. ஒவ்வொரு இலக்கமும் மாறாமல் இருக்க வேண்டும், அல்லது 1-லிருந்து 4-க்கு ஏறவோ 4-லிருந்து 1-க்கு இறங்கவோ வேண்டும். கொஞ்ச நாளில் எண் இல்லாமலே கோடு தெரிய ஆரம்பித்துவிடும்.

அடுத்தது, எல்லாக் கட்டமும் ஒன்றுதான் என்று நினைப்பது. எட்டு மூலைகளும் நடு இரண்டு தட்டுகளின் மையத்தில் உள்ள எட்டுக் கட்டங்களும் தலா 7 கோடுகளில் வருகின்றன, மற்ற 48-ம் தலா 4-இல்தான். ஆரம்பத்தில் இந்த 16-ஐ விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்று சேர்ந்ததும் ஆசைப்பட்டு மிரட்டுவதும் கூடாது. 111, 222, 333 என்று வைத்தால் எதிராளி 444-இல் அடைப்பார். உங்கள் கோடு செத்தது, அவருக்கு ஒரு நல்ல மூலை சும்மா கிடைத்தது, அந்தக் காயால் அவருக்கு எங்காவது மூன்று சேர்ந்துவிட்டால் இப்போது நீங்கள் ஓடிப்போய் அடைக்க வேண்டும். ஒரே காயில் இரண்டு மிரட்டல் விழும் வரை பொறுத்திருப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிரே.

எப்போதும் ஒருவரே ஆரம்பிப்பதும் சரியில்லை. சரியாக ஆடினால் முதலில் ஆடுபவர் ஜெயித்தே தீருவார் என்று கணினி அறிஞர் ஓரன் படாஷ்னிக் 1980-இல் காட்டிவிட்டார், அதற்குச் சுமார் 1500 மணி நேரக் கணினி உழைப்பு தேவைப்பட்டது என்பதால் நாம் பயப்பட வேண்டாம், ஆனாலும் மாறி மாறி ஆரம்பியுங்கள். மூன்று பேர் ஆடும்போது, பின்னால் வருபவர் அடைத்துக்கொள்வார் என்று உங்கள் முறையை வேறெங்கோ செலவழிக்காதீர்கள், அவருக்கும் அதே நினைப்பு இருக்கலாம்.

பழைய செட் வாங்குபவர்கள் தட்டுகளைக் கவனியுங்கள். முதல் பதிப்பில் அடித்தட்டு மட்டும் ஒளி புகாதது, மேலே மூன்றும் கண்ணாடி மாதிரி, எல்லாம் சாதாரணச் சதுரம். 1972 பதிப்பில் நான்குமே கண்ணாடி மாதிரி, முனைகள் உருண்டிருக்கும். இரண்டையும் கலந்து விற்றால் வாங்காதீர்கள். காய்களை நிறம் வாரியாக எண்ணிப் பாருங்கள். அழுக்கு எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் வெளுத்து மங்கிவிடும்; மென்மையான சோப்பு, வெதுவெதுப்பு கூட இல்லாத தண்ணீர், பருத்தித் துணி, போதும்.